ஹாங்காங்கில் ‘தண்ணீர்’ கேட்டால் பணத்தை எடுங்கள்!

ஹாங்காங்கில் ஒரு நண்பர் தோளில் கைபோட்டு, “ஒரு கட்டித் தண்ணீர் இருக்குமா?” என்று தணிந்த குரலில் கேட்டால், பையில் இருக்கும் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டிவிடாதீர்கள். அவர் கேட்பது நூறு டாலர். “தண்ணீரை எடை போடு” என்று யாராவது கையை நீட்டினால், “கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடு” என்று அர்த்தம். கடையில் வாங்கிய பொருள் சரியில்லை என்று சண்டை போட்டு “தண்ணீரைத் திரும்ப” வாங்கலாம். கையில் சுத்தமாகக் காசில்லை என்றால், “குளம் வற்றிவிட்டது” என்று உதட்டைப் பிதுக்கலாம். வற்றிய குளத்துக்காரர் நாலு பேரிடம் ஓடியாடிக் கடன் புரட்டுவதற்கும் ஒரு சொல் உண்டு: “தண்ணீர் மேல் பாய்வது”.

இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே ஓர் எழுத்து. சீன மொழியில் தண்ணீரைக் குறிக்கும் எழுத்து. பெய்ஜிங்கில் பேசும் மாண்டரினில் அதை ‘ஷ்வேய்’ என்பார்கள். ஹாங்காங், மக்காவ், குவாங்சோ ஊர்களில் பேசும் கான்டனீஸில் அது ‘சொய்’. கோலாலம்பூர்ச் சீனர்களின் கடைவீதியிலும், சான்ஃபிரான்சிஸ்கோ, வான்கூவர் நகரங்களின் பழைய சைனா டவுன்களிலும் காதில் விழுவது இந்தச் ‘சொய்’தான்.

எழுத்து ஒன்றேதான். அதை வைத்து மாண்டரின்காரர் சொல்வது வேறு, கான்டனீஸ்காரர் சொல்வது வேறு. அதிலும் கான்டனீஸ்காரர்கள் இந்த எழுத்தை வைத்துக்கொண்டு செய்திருக்கும் வேலை கொஞ்சநஞ்சமல்ல.

நாலு கோடு, மூன்று புள்ளி

எழுதுவதற்குச் சுலபமான எழுத்து இது. நான்கே கோடுகள். நடுவில் ஒரு நெடுங்கோடு, இரண்டு பக்கமும் தெறிக்கிற மாதிரி சில கீற்றுகள். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆமை ஓட்டிலும் மாட்டு எலும்பிலும் கீறியபோது அது ஓடும் ஆற்றின் படமாகவே இருந்தது. நடுவே நீரோட்டம், இருபுறமும் துளிகள்.

வேறோர் எழுத்தோடு ஒட்டி இடப்பக்கம் உட்காரும்போது அது சுருங்கி மூன்று புள்ளிகளாகிவிடும். அதற்குப் பெயரே ‘மூன்று புள்ளித் தண்ணீர்’. ஆறு, கடல், ஏரி என்று எழுதினால் அந்த மூன்று புள்ளி இருக்கும். கண்ணீர், வியர்வை, சூப், எண்ணெய், மது, கழுவுதல் எல்லாவற்றிலும் இருக்கும். ஒரு எழுத்தை அதுவரை பார்த்ததே இல்லை என்றாலும், இடப்பக்கம் மூன்று புள்ளியைக் கண்டால், ஈரமான சங்கதி ஏதோ ஒன்று என்று ஊகிக்கலாம்.

எழுதுவது சுலபம், சொல்வதுதான் வம்பு. கான்டனீஸில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லே மாறிவிடும். மொத்தம் ஆறு தொனிகள். ‘சொய்’ என்பதைக் கேள்வி கேட்பதுபோல் மேலே ஏற்றிச் சொன்னால் தண்ணீர். உச்சஸ்தாயியில் ஏற்றாமல் இறக்காமல் நேராகச் சொன்னால் ‘துரதிர்ஷ்டம்’, ‘மோசம்’. நடுக்குரலில் சொன்னால் வயது. வரி என்றும் ஆகும். கீழே இழுத்துச் சொன்னால் ‘யார்’. தாழ்ந்த குரலில் சமமாகச் சொன்னால் தூக்கம். அதிர்ஷ்டத்துக்கும் துரதிர்ஷ்டத்துக்கும் நடுவே தொண்டை ஓர் அங்குலம் ஏறினால் போதும்!

பன்றிக் கூடையில் புகுந்த நீர்

தண்ணீர் எப்படிப் பணம் ஆனது? ஒரே காரணம் என்று எதையும் சொல்லிவிட முடியாது. முத்து ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் பிழைத்தவர்கள் இவர்கள். சரக்கு வந்தது படகில், போனதும் படகில். தண்ணீர் ஓடினால் வியாபாரம் ஓடும். ஃபெங் சுய் என்று நம் ஊர் வரைக்கும் வந்துவிட்ட வாஸ்து நம்பிக்கையின் பெயருக்கே ‘காற்று, தண்ணீர்’ என்றுதான் பொருள்; அதிலும் நீர் என்றால் செல்வம். இன்னும் பின்னால் போனால், சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் வாங் மாங் என்ற பேரரசர் வெளியிட்ட செப்புக் காசுகளில் ‘ஊற்று’ என்ற எழுத்தையே பொறித்திருக்கிறார்கள். ‘வெள்ளை’ என்பதற்குக் கீழே ‘தண்ணீர்’ என்று எழுதினால் அந்த ஊற்று. காசு ஊற்றுப்போல் சுரந்து ஓட வேண்டும் என்ற எண்ணம் அப்போதே இருந்திருக்கிறது.

புத்தாண்டுக்கு ஒருவரை ஒருவர் வாழ்த்தும்போது ஹாங்காங்வாசிகள் சொல்லும் ஒரு வாழ்த்து, கேட்பவர்களைத் திகைக்க வைக்கும். “பன்றிக் கூடைக்குள் தண்ணீர் புகுந்ததுபோல் இருங்கள்!” அந்தக் காலத்தில் பன்றியைச் சந்தைக்குக் கொண்டுபோக மூங்கிலில் நீளமாக ஒரு கூடை பின்னுவார்கள். உடம்பெல்லாம் ஓட்டை. அதை ஆற்றில் அமிழ்த்தினால் எல்லாப் பக்கத்திலிருந்தும் தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே வரும். பணம் அப்படி நாலாபக்கமும் இருந்து வரட்டும் என்பது வாழ்த்து. கூடையை மேலே தூக்கினால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை!

கடை திறப்பு விழா அன்று மழை கொட்டினால் முகம் சுளிக்க மாட்டார்கள். “தண்ணீரைச் சந்தித்தால் செழிப்பு” என்று சொல்லிக்கொண்டு குடையை விரிப்பார்கள். பணம் புரளும் ஆளுக்கு ‘பெரிய குழாய்’ என்று பட்டப்பெயர். கூடுதல் நேரம் வேலை பார்த்தால் கிடைக்கும் பணம் ‘நிரப்பு நீர்’. ஒரு காரியத்தைக் கைமாற்றிவிடும் ஆசாமி நடுவில் கொஞ்சம் தட்டிக்கொண்டால், “தண்ணீரைக் கடப்பவனுக்குக் கால் நனையாமல் இருக்குமா?” என்று சமாதானம் சொல்வார்கள். ஏமாந்த சோணகிரிக்கு ‘தண்ணீர் மீன்’ என்று பெயர். உண்மையில் அது மீனல்ல, சூப் வைத்துக் குடிக்கும் ஒருவகை ஆமை.

ஈரல் ஏன் ‘ஈரம்’ ஆனது?

தண்ணீர் பணம் என்றால் வறட்சி? அந்தச் சொல்லையே வாயில் எடுக்கப் பயந்தார்கள். வறட்சிக்குக் கான்டனீஸில் ‘கோன்’. தொல்லை என்னவென்றால், ஈரலுக்கும் அதே ஒலி, ‘கோன்’. காலையில் கறிக்கடையில் போய், “அரைக் கிலோ வறட்சி கொடு” என்று கேட்பதுபோல் ஆகிவிடுமே! அதனால் ஈரலின் பெயரையே மாற்றிவிட்டார்கள். ‘ஈரம்’ என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து ‘யொன்’ என்று புதுப் பெயர் வைத்து, அதற்கென்று தனி எழுத்தும் உண்டாக்கிக்கொண்டார்கள். இன்றைக்கும் ஹாங்காங் கஞ்சிக் கடைகளில் பன்றி ஈரல் கஞ்சி இந்த ஈரமான பெயரில்தான் விற்கிறது.

இது ஈரலோடு நிற்கவில்லை. நாக்கின் பழைய பெயர், ‘நஷ்டம்’ என்ற சொல்லைப்போல் ஒலித்தது. ‘லாபம்’ என்று மாற்றினார்கள். குடைக்கான சொல், ‘பிரிந்து சிதறுவது’ போல் கேட்டது, ‘மறைப்பு’ ஆக்கினார்கள். பஞ்சாங்கத்தின் பெயரில் இருந்த ‘நூல்’ என்ற சொல், ‘தோற்பது’ போல் ஒலித்தது. அதை ‘வெற்றி’ என்று திருத்தினார்கள். ‘போறேன்’ என்று சொல்லாமல் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லி வளர்ந்த நமக்கு இதெல்லாம் விநோதமாகத் தோன்றாது.

இதில் சுவையான கூத்து வாடகை வீட்டில் நடந்தது. ‘காலி வீடு’ என்பதில் உள்ள ‘காலி’, ‘அமங்கலம்’ என்பதுபோல் ஒலிக்கும். அதனால் ‘மங்கல வீடு வாடகைக்கு’ என்று பலகை மாட்டினார்கள். மாட்டி மாட்டி, கடைசியில் ‘மங்கலம்’ என்ற சொல்லுக்கே ‘காலி’ என்ற பொருள் ஒட்டிக்கொண்டுவிட்டது. அலைந்து திரிந்து ஒன்றும் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்புகிறவர், “எனக்குக் கிடைத்தது மங்கலம்தான்” என்கிறார் இன்று! அமங்கலத்தை வாசலில் விரட்டினால் அது கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்துகொண்டது.

நான்கு நாளைக்கு நான்கு மணி நேரம்

தண்ணீர் பணம் என்பது விளையாட்டுப் பேச்சு மட்டும் அல்ல. ஹாங்காங்கில் பெரிய ஆறு கிடையாது. பெரிய ஏரியும் கிடையாது. சுற்றிலும் கடல், குடிக்க மழைநீர். ஆண்டுக்குச் சராசரி 2,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் 1963இல் பெய்தது 901 மில்லிமீட்டர்தான். நீர்த்தேக்கங்களில் தரை தெரிந்தது.

அப்போது ஊரில் சுமார் 35 லட்சம் பேர். அரசு குழாயை மூடியது. நான்கு நாட்களுக்கு ஒருமுறை, நான்கு மணி நேரம் மட்டும் தண்ணீர். அந்த நான்கு மணி நேரத்தில் குடும்பத்தில் யாரும் வேறு வேலை பார்க்க முடியாது. வாளி, குடம், மண்ணெண்ணெய் டின், குளிக்கும் தொட்டி எது கிடைத்தாலும் நிரப்பி வைக்க வேண்டும். தெருக் குழாய்களில் வாளிகள் வரிசை கட்டி நின்றன. குழந்தைகள் குழாயடியில் காவல் இருந்தார்கள். முகம் கழுவிய தண்ணீரில் துணி துவைத்து, துணி துவைத்த தண்ணீரில் தரை துடைத்து, அதைக் கழிப்பறைக்கு ஊற்றினார்கள்.

அடுக்குமாடிகளில் அழுத்தம் போதாமல் தண்ணீர் மேலே ஏறாது. கீழ்வீட்டில் குழாய் திறந்திருந்தால் மேல்வீட்டில் காற்றுதான் வரும். மாடிப்படியில் தலையை நீட்டி, “கீழ்வீடு! குழாயை மூடுங்க!” என்று கத்துவது அந்தக் காலத்து ஹாங்காங்கின் குரல். அந்தக் கூச்சலைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்று தாத்தா பாட்டிகள். பேரன் குழாயைத் திறந்து விட்டுப் பல் தேய்த்தால் அவர்களுக்கு ஏன் பொறுக்கவில்லை என்பது பேரனுக்குப் புரிவதில்லை.

1964 மே மாதக் கடைசியில் வயோலா என்ற புயல் வந்து மழையைக் கொட்டிய பிறகுதான் நிலைமை தளர்ந்தது. 1965 மார்ச் 1 முதல் சீனாவின் தோங்ஜியாங், அதாவது ‘கிழக்கு ஆறு’, ஹாங்காங்குக்குக் குழாயில் வரத் தொடங்கியது. இன்று ஊரின் தேவையில் 70 முதல் 80 சதவீதம் அந்த ஆற்று நீர். கழிப்பறைக்கு நல்ல தண்ணீரை வீணாக்காமல் கடல் நீரைத் தனிக் குழாயில் கொடுக்கும் ஏற்பாடு, மக்களில் பெரும்பாலோருக்கு இன்றும் நடக்கிறது. கிழக்கு ஆற்றுக்காக ஹாங்காங் ஆண்டுதோறும் பல நூறு கோடி ஹாங்காங் டாலர் கட்டுகிறது. ‘தண்ணீர் என்றால் பணம்’ என்பது அரசாங்கக் கணக்குப் புத்தகத்திலும் உண்மைதான்.

தீயணைப்புக்குழாயும் நீட்டிய கையும்

இந்த இரட்டை அர்த்தத்தின் கசப்பான முகம் 1950களிலும் 60களிலும் வெளிப்பட்டது. சீனாவிலிருந்து வந்து குவிந்த அகதிகள் மலைச்சரிவுகளில் மரப்பலகைக் குடிசைகள் போட்டு இருந்தார்கள். 1953 கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதி எரிந்ததில் ஒரே ராத்திரியில் 50,000 பேருக்கு மேல் வீடிழந்தார்கள். தீ என்றால் அந்த ஊர் நடுங்கியது.

அதே காலத்தில் லஞ்சமும் ஊரை அரித்துக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் ஊழியருக்கு டீக்காசு கொடுத்தால்தான் நோயாளி ஏறுவார். ஆஸ்பத்திரி ஆயாவுக்குக் கொடுத்தால்தான் ஒரு டம்ளர் தண்ணீர். தீயணைக்க வந்த சில வண்டிகளில், குழாயைத் திறக்க ஒரு கட்டணம். அந்தக் காலத் தெருப்பேச்சு ஒன்று இதைக் கத்திபோல் சொல்லும்: “தண்ணீர் இருந்தால் தண்ணீர் விடுவோம்; தண்ணீர் இல்லையென்றால் தண்ணீரைக் கலைத்துக்கொண்டு போவோம்.” முதல் தண்ணீர் பணம், இரண்டாவது உண்மையான தண்ணீர். ‘தண்ணீரைக் கலைப்பது’ என்றால் கான்டனீஸில் இடத்தைக் காலிசெய்வது. ஒரே எழுத்தை வைத்து இவ்வளவு சொல்லும் இந்த வாக்கியத்தில் சிரிப்பும் இருக்கிறது. வீடு எரிந்துகொண்டிருப்பவர் அதைக் கேட்டுச் சிரித்திருக்க மாட்டார்.

1973 ஜூன் மாதம், பீட்டர் காட்பர் என்ற உயர் போலீஸ் அதிகாரி, 40 லட்சம் ஹாங்காங் டாலருக்கும் அதிகமான சொத்து எங்கிருந்து வந்தது என்று விளக்கம் கேட்டதும், விமானம் ஏறி இங்கிலாந்துக்கு ஓடிவிட்டார். மக்கள் தெருவில் இறங்கினார்கள். 1974 பிப்ரவரியில் ஊழல் தடுப்புக்கென்று தனி ஆணையம் பிறந்தது. மறு ஆண்டே காட்பரைத் திருப்பிக் கொண்டுவந்து, நான்கு ஆண்டு சிறைத்தண்டனை கொடுத்தார்கள். தீயணைப்புக்குழாய்க்குக் காசு கேட்ட காலம் மெல்ல மறைந்தது. தெருப்பேச்சு மட்டும் மறையவில்லை. பார்ட்டி முடிந்து கிளம்பும் பையன்கள், அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே, “தண்ணீரைக் கலைக்கலாமா?” என்கிறார்கள்.

உலர்ந்த நீரில் நீச்சல்

எல்லாத் தண்ணீரும் பணமல்ல. நண்பர்கள் கூடி வெட்டிப்பேச்சு பேசினால் அது ‘தண்ணீர் ஊதுவது’. ஓயாமல் பேசும் ஆசாமிக்கு “டீயைவிட எச்சில் அதிகம்”. திருடனுக்குத் துணையாகத் தெருமுனையில் நிற்பவன் ‘தண்ணீர் பார்க்கிறான்’. பரீட்சை வினாத்தாள் கசிந்தால் ‘தண்ணீர் ஓடிவிட்டது’. வெளிநாடு போய்ப் படித்துத் திரும்பியவர் ‘உப்பு நீரில் ஊறியவர்’. கப்பலில் கடல் கடந்த காலத்துச் சொல், விமானத்தில் போகிறவருக்கும் பொருந்துகிறது. புதுச் சட்டையைத் துவைக்கப் போட்டால் எத்தனை ‘தண்ணீர்’ கண்டது என்று எண்ணுவார்கள். தரமில்லாத வேலையைப் பார்த்தால் “ரொம்பத் தண்ணீர்” என்று தள்ளிவிடுவார்கள்.

மாஜோங் ஆட்டத்துக்கு ‘உலர்ந்த நீரில் நீந்துவது’ என்று ஒரு பெயர். நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து இரண்டு கையாலும் கட்டைகளைக் கலைக்கும்போது பாருங்கள், நீச்சலடிப்பதுபோலவே இருக்கும்.

எல்லாவற்றிலும் அழகானது ‘சம் சொய்’. இதயத் தண்ணீர். மனசுக்குப் பிடித்தது என்று அர்த்தம். புடவைக்கடை மாதிரி ஒரு கடையில் நூறு உருப்படியைப் புரட்டிப் பார்த்து, கடைசியில் ஒன்றில் கை நிற்குமே, அதுதான் இதயத் தண்ணீர்.

ஊர்ப் பெயர்களிலும் இந்த எழுத்து நனைந்து கிடக்கிறது. ஷாம் ஷுய் போ என்றால் ஆழ்நீர்த் துறை. எல்லையோரம் இருக்கும் ஷூங் ஷுய் என்றால் மேல்நீர். இந்தப் பெயர்களில் வரும் ‘ஷுய்’ வேறொன்றுமில்லை, நம் ‘சொய்’தான்; ஆங்கிலேயர் காதில் விழுந்த விதம் அப்படி.

மேல்நீர் ஊருக்கு ஒரு தாய்மார் கதை உண்டு. முறையான ஏஜெண்ட் வழியாக வராமல் குறுக்கு வழியில் வரும் சரக்குக்குக் கான்டனீஸில் ‘தண்ணீர்ச் சரக்கு’. சுமந்து போகிறவர் ‘தண்ணீர் வாடிக்கையாளர்’. 2008இல் சீனாவில் மெலமைன் கலந்த பால்பவுடரால் குழந்தைகள் இறந்தன, லட்சக்கணக்கில் நோயுற்றன. பயந்துபோன சீனப் பெற்றோர் ஹாங்காங் பால்பவுடரைத் தேடினார்கள். ஷூங் ஷுய் ரயில் நிலையத்தைச் சுற்றி டின் டின்னாகக் கட்டி, தள்ளுவண்டியில் எல்லை கடத்துவது தொழிலாகவே ஆனது. உள்ளூர்த் தாய்மாருக்குக் கடையில் பால்பவுடர் கிடைக்கவில்லை. கைக்குழந்தையோடு கடை கடையாக ஏறி இறங்கினார்கள். 2012இல் ஊரார் வீதிக்கு வந்து போராட, 2013 மார்ச் 1 முதல் ஒரு ஆளுக்கு இரண்டு டின், அதாவது 1.8 கிலோதான் என்று அரசு வரம்பு கட்டியது. இரண்டு பக்கத்திலும் பசித்த பிள்ளைக்குப் பால் தேடிய அம்மாக்கள்தான். யார் மேல் குற்றம் சொல்வது?

பரீட்சைத் தாளில் இடமில்லை

இத்தனை ஈரமான பேச்சும் பள்ளிக்கூடக் கட்டுரைக்குள் நுழைய முடியாது. ஹாங்காங் பிள்ளைகள் வீட்டில் பேசுவது கான்டனீஸ். எழுதக் கற்பது மாண்டரினை ஒட்டிய பொது எழுத்துநடை. “அப்பா தண்ணீரை எடை போட்டார்” என்று எழுதினால் ஆசிரியரின் சிவப்பு மை பாயும். “அப்பா பணம் செலுத்தினார்” என்று எழுத வேண்டும். பேச்சு ஒன்று, எழுத்து ஒன்று என்ற இந்தச் சுமையைச் சின்ன வயதிலேயே தூக்கப் பழகிவிடுகிறார்கள். 2010 ஜூலையில் குவாங்சோ தொலைக்காட்சியில் கான்டனீஸுக்குப் பதில் மாண்டரினை முதன்மையாக்கலாம் என்ற யோசனை வந்தபோது, அந்த நகரத்து இளைஞர்கள் வீதியில் கூடியதற்குக் காரணம் பாட்டும் சினிமாவும் மட்டுமல்ல. பாட்டியோடு பேசும் மொழி அது.

ஹாங்காங் போனால், ‘சா சான் டெங்’ எனப்படும் டீக்கடை உணவகத்தில் ஒருமுறை உட்காருங்கள். வெறுமனே தண்ணீர் கேட்டால் ஆவி பறக்கும் சுடுதண்ணீர்தான் பெரும்பாலும் வரும். உடம்புக்கு அதுவே நல்லது என்பது அவர்கள் நம்பிக்கை. குளிர்ந்த நீர் வேண்டுமென்றால் ‘டுங் சொய்’ என்று கேளுங்கள். கடைசி எழுத்தில் குரலை மேலே ஏற்றிவிடுங்கள். ஏற்றாமல் உச்சியிலேயே நேராக நிறுத்தினால், குளிரக் குளிர ஒரு துரதிர்ஷ்டம் கேட்டதாக ஆகும். சர்வர் சிரித்துக்கொண்டே தண்ணீரைத்தான் கொண்டுவருவார்.